உன் பெயரில் நான் கேட்ட மன்னிப்பு

என் கோபக்கார அம்மாவுக்கு,

நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சவப்பெட்டியில் உன்னைப் படுக்க வைத்திருந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது உன் முடிதான். ஒரு விரல் நீளம் வளர்ந்திருந்தது. யாரோ எண்ணெய் தடவி, வகிடு எடுக்கப் பார்த்து, படியாமல் பாதியில் விட்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தால் வேலையிடத்து அந்த முகக் கருவிக்கு உன்னை அடையாளம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

"ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு, கல்லு" என்று சித்தி பின்னால் சொன்னது காதில் விழுந்தது. சித்தி சொன்னது சரிதான். ஆனால் நான் ஏன் அழவில்லை என்று சித்திக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உன்னைப் பற்றிய பொய்யை நான் யாரும் பார்க்காத அறையில் எழுதினேன். உண்மையையும் அப்படியே எழுதுவது நியாயமில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று முருகனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டாய். நான் கேட்கவில்லை. செகண்டரி த்ரீயில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், எல்லோருக்கும் முன்னால் நின்று பேச வேண்டிய ஒரு நாள், வாய் திறக்காமல் மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாள் போகவில்லை. பிறகு போகவே இல்லை. அதற்கு உன் முடி என்ன செய்யும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கும் வாய் வேண்டுமே.

தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் மொட்டைக்கு உட்கார்ந்தாய். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "எம் முடிய நீ எடுத்துக்கப்பா, இந்த ஊமைக்கோட்டானுக்கு வாயக் குடு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன்னோடு துணைக்கு வந்த, உன் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் கலா ஆன்ட்டிதான் அதிகம் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் உன் தலையைத் துடைத்து, இரண்டு கையாலும் சந்தனம் பூசினார்.

"அடியே மல்லிகா, மண்ட பலாக்கொட்ட மாதிரி இருக்குடி!"

"ஒனக்குப் பொறாமடி. ஷாம்பு செலவு மிச்சம் பாரு."

உங்கள் இருவரையும் விட்டுத் தள்ளி நின்றேன். பிறகு நீ பால்குடத்துக்குப் பூ வாங்க கேம்பல் லேன் வழியாக நடந்தபோது, நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். என்னோடு படித்த பெண்கள் அந்தப் பக்கம் மருதாணி போட வருவார்கள் என்று பயம். நீ நின்று, "ஏண்டி, அங்க மட்டும் வெயில் அடிக்கலயா?" என்று கத்தினாய். தலையை ஆட்டினேன். உனக்குப் புரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். புரிந்ததைக் காட்டாமல் பூவுக்குப் பேரம் பேசப் போய்விட்டாய்.

மறுநாள் வேலைக்குப் போனாய். நகரத்து நடுவில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில், துப்புரவுக் கம்பெனிக்காக ஏழு வருடம் தரை துடைத்த வேலை. சாமான் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் புதிதாக மாட்டியிருந்த கருவி, கார்டைத் தட்டியதும் முகத்தைப் படம் பிடித்துப் பழைய படத்தோடு ஒப்பிடும். பழைய படத்தில் உனக்கு இடுப்புவரை பின்னல், பெரிய பொட்டு, உப்பிய கன்னம். இப்போது நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் கன்னம் ஒட்டி, தலையில் காய்ந்த சந்தனம். கதவு கார்டுக்குத் திறந்தது. முகத்துக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

நீ சிவப்பு விளக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கும் துடைத்தாய், அடுத்த இரண்டு நாளும் துடைத்தாய். மூன்றாம் நாள் உன் போனில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. உன் கார்டை வேறொரு பெண்ணிடம் கொடுத்து, உனக்குப் பதிலாக அவளை வேலைக்கு அனுப்பினாய், ஆள்மாறாட்டம், வேலை நிறுத்தப்படுகிறது என்று. மேலதிகாரி ஒருவர் படங்களைப் பார்த்து உறுதி செய்துவிட்டார் என்றும் இருந்தது. விளக்கம் சொல்ல ஏழு நாள். அதற்குக் கம்பெனியின் போன் ஆப்பில் எழுத ஒரு சின்னப் பெட்டி.

நான் அதை உனக்குத் தமிழில் சொன்னபோது நீ முதலில் சிரித்தாய்.

"நான் எனக்குப் பதிலா யார அனுப்பினேனாம்? ஒன்னையா? நீதான் எந்திரிக்கவே மாட்டியே!"

பிறகு போனை என் மடியில் போட்டாய். "நீ எழுதுடி. மொட்ட போட்டேன், சாமிக்கு நேந்துகிட்டது, அதனாலதான் மூஞ்சி தெரியலன்னு எழுது. அவ்வளவுதான் லா. இத்தன வருஷம் இங்கிலீஷ் படிச்சியே, இதுக்காவது ஒதவட்டும்."

அம்மா, இனிமேல் வருவதைத்தான் உன்னிடம் நான் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியில் எழுத எனக்குப் பயமாக இருந்தது. என் ஆங்கிலம் எனக்குத் தெரியும். எனவே எல்லோரும் வைத்திருக்கிற அந்த ஏஐயிடம் எழுதித் தரச் சொன்னேன். என் அம்மாவுக்கு வேலை இடத்தில் முகக் கருவியால் பிரச்சினை, கார்டை வேறு ஆள் பயன்படுத்தியதாகச் சொல்கிறார்கள், வேலை போகாமல் இருக்க முதலாளிக்கு ரொம்ப மரியாதையாக ஒரு கடிதம் வேண்டும் என்று தட்டினேன். மொட்டையைப் பற்றி எதுவும் தட்டவில்லை. மறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ ஒரு ஆபீஸில் யாரோ ஒருவர் அதைப் படித்து உன் தலையை நினைத்துப் பார்ப்பார் என்பதே எனக்கு வெட்கம்.

நான் சொல்லாமல் விட்ட காரணத்தின் இடத்தில் அது ஒரு குற்றத்தை எழுதி நிரப்பியது. அழகான ஆங்கிலம். என் கார்டு தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு மனமார மன்னிப்புக் கேட்கிறேன், இதன் தீவிரத்தை உணர்ந்திருக்கிறேன், இனி இப்படி நடக்காது. முதல் இரண்டு வரியைப் படித்தேன். மன்னிப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டது. நம் வீட்டில் அப்படித்தானே? முதலாளி கோபமாக இருந்தால், எதற்கு என்று கேட்காமல் முதலில் ஒரு சாரி. நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. சூப்பர்வைசர் திட்டினாலும் சாரி, பஸ்ஸில் உன் காலை யாராவது மிதித்தாலும் சாரி. அனுப்பிவிட்டேன்.

நீ அடுப்படியிலிருந்து, "மொட்ட போட்டத எழுதினியா?" என்று கேட்டாய்.

"எழுதியிருக்கு" என்றேன்.

பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. உங்கள் நேர்மையான ஒப்புதலுக்கு நன்றி, முடிவில் மாற்றமில்லை. ஏஐ எழுதியதை இன்னொரு ஏஐ படித்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றுக்கொன்று மிகவும் மரியாதையாக நடந்துகொண்டன.

நீ நாற்காலியில் உட்கார்ந்தாய். கையில் கரண்டி இருந்தது. "சாமிக்குப் போட்ட மொட்டன்னு படிச்சிட்டுமா தள்ளிட்டானுங்க?" என்றாய். நான் பேசாமல் இருந்தேன். அன்று முதல் நீ முருகன் படத்துக்கு விளக்கேற்றவில்லை. கோயில் பக்கம் போகவில்லை. புக்கிட் பாத்தோக்கில் ஒரு காப்பிக்கடையில் தட்டுக் கழுவப் போனாய். ஒருநாள் முருகன் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்து, "ஒனக்காகத்தானடா போட்டேன், ஒரு வார்த்த பேசினியா?" என்று கேட்டாய். அவரைப் பார்த்துக் கேட்ட அந்தக் கேள்விக்குப் பக்கத்து அறையில் இருந்த எனக்குப் பதில் தெரியும். அப்போதும் பேசவில்லை. நாலு மாதம் இப்படி. பிறகு தட்டுக் கழுவும் இடத்திலேயே மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். கண் திறக்கவில்லை.

உன்னை நல்லவளாக்கிப் பேச நான் வரவில்லை. நீ ஊர் முழுக்க என்னை ஊமைக்கோட்டான் என்றாய். என் பயத்தை எடுத்து எல்லோருக்கும் வேடிக்கை காட்டினாய். அதற்கு நான் பழிவாங்கினேனா என்று சில நாள் யோசிக்கிறேன். இல்லை என்று சொல்ல ஆசை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீ போன பிறகு உன் போன் கணக்கை மூடுவதற்கு முன் அந்தக் கம்பெனி ஆப்பைத் திறந்தேன். உன் பெயருக்குக் கீழே எல்லாம் அப்படியே இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு நான் அனுப்பியதைக் கடைசிவரை ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். அதற்கு மேலே, உன் மூன்று படங்களையும் பார்த்து உறுதி செய்தவர் யார் என்று ஒரு வரி. சூப்பர்வைசர் கலா.

உன் தலையைத் துடைத்த கலா ஆன்ட்டி.

வெள்ளிக்கிழமை மாலை சமூக மன்றத்தில் இலவசமாகச் சட்ட ஆலோசனை தருவார்கள். போனேன். வாயால் சொல்ல வராது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் மேசையில் தள்ளினேன். லாயர் நம்மாள்தான், சின்ன வயது. இரண்டு தடவை படித்தார்.

"மா, நம்ம அரசமைப்புச் சட்டத்துல சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு இருக்கு. அவங்கவங்க மதத்த அவங்கவங்க கடைப்பிடிக்கலாம்னும் இருக்கு. ஒரு அரசாங்க ஆபீஸ் உங்கம்மாவ மொட்டைக்காகத் தூக்கியிருந்தா அத வெச்சுக் கேள்வி கேட்டுப் பாக்கலாம். ஆனா அந்தச் சட்டம் முக்கியமா கவர்ன்மென்ட்டத்தான் கட்டுப்படுத்துது. இது பிரைவேட் கம்பெனி."

தாளை இழுத்து, 'கம்பெனி செய்யவில்லை, கருவி செய்தது' என்று எழுதினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதத்தான் மா எங்க ஆளுங்களும் உக்காந்து பேசிக்கிட்டு இருக்காங்க. கருவிய எந்தக் கூண்டுல ஏத்துறது?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா பேப்பர்ல பாத்தா எல்லாமே சரியா இருக்கே. ஒரு மனுஷி செக் பண்ணியிருக்காங்க. பேச சான்ஸ் குடுத்திருக்காங்க. உங்கம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. நாளைக்கு ஏஐக்கு எவ்வளவு நல்ல சட்டம் போட்டாலும் இந்த மூணத்தானே கேக்கும்? மனுஷன் பாத்தானா? பாத்தான். பேச விட்டாங்களா? விட்டாங்க."

உன் பெயர் கெட்டதற்கு வழக்குப் போட முடியுமா என்று எழுதிக் கேட்டேன். இறந்தவர்கள் பெயருக்காக அப்படிப் போட முடியாது என்றார். நீ உயிரோடு இருந்தபோது உன் முகம் செல்லவில்லை, அம்மா. இப்போது உன் பெயரும் செல்லாது.

வீட்டுக்கு வந்து அந்தச் சட்டத்தில் அவர் சொன்ன பகுதியைப் போனில் தேடிப் படித்தேன். பாதி புரிந்தது. யாருக்கு நம்மை நசுக்கும் பலம் இருக்கிறதோ, அவர்கள் கையைக் கட்ட எழுதியது போல் இருந்தது. அதை எழுதிய காலத்தில் அந்தப் பலம் அரசாங்கத்துக்குத்தான் இருந்திருக்கும். இப்போது சாமான் லிஃப்ட் பக்கத்தில், சுவரில் மாட்டிய ஒரு கண்ணாடித் துண்டுக்கும் இருக்கிறது. அப்படியென்றால் சட்டத்தின் கயிறு அதுவரை நீள வேண்டாமா? ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் முன் அவர் சொல்வதைக் கேள் என்பது அரசாங்கத்துக்கு மட்டும் பொருந்துகிற நியாயமா?

ஆனால் லாயர் கேட்டதும் மனதை விட்டுப் போகவில்லை. மனுஷி பார்த்தாள், பேச விட்டார்கள். எல்லாம் இருந்தது, எதுவும் நடக்கவில்லை. உன் தலையைத் துடைத்தவரே படத்தைத் திறக்காமல் பொத்தானை அழுத்தியிருக்க முடியும் என்றால், மனிதர் பார்த்தார் என்று எப்படிச் சொல்வார்கள்? ஆங்கிலம் தெரியாத ஒருத்தியின் கையில் ஆங்கிலப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, பேச விட்டோம் என்று எப்படிச் சொல்வார்கள்? யாராவது புதுச் சட்டம் எழுதுகிறார்கள் என்றால் இதை எழுதட்டும். கேட்பவர் எதிரில் உட்கார வேண்டும். சொல்பவரின் மொழியில் கேட்க வேண்டும். அவருக்கு மனம் மாற அதிகாரம் இருக்க வேண்டும். அவர் பெயர் நமக்குத் தெரிய வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் சொல்வதை யார் கேட்பார்கள் என்று நீ கேட்பாய். கேள்.

லாயர் கடைசியில் ஒன்று சொல்லியிருந்தார். "ஒண்ணு செய்யலாம் மா. அந்த மன்னிப்பு அவங்க கேட்டதில்ல, நீங்க கேட்டதுன்னு எழுதிக் குடுக்கலாம். அதால எதுவும் மாறும்னு நான் சொல்லல."

செவ்வாய்க்கிழமை, நீ போன பிறகு நான் வேலைக்குச் சேர்ந்த கடையில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனேன். தாள் கையில் இருந்தது. தமிழில் ஒரு பக்கம், என் ஆங்கிலத்தில் ஒரு பக்கம், பிழையோடு. என் அம்மா மல்லிகா யாரிடமும் கார்டைக் கொடுக்கவில்லை, நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டிருந்தார், அதைச் சொல்லாமல் மன்னிப்புக் கடிதம் அனுப்பியது நான், அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வாசலில் ஆள் இல்லை. ஒரு திரை இருந்தது. உங்கள் முகத்தைக் காட்டவும் என்றது. நான் ஓரமாகத் தள்ளி நின்றேன். அது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கலா ஆன்ட்டி சாப்பாட்டு டப்பாவோடு வெளியே வந்தார்.

"பாப்பா! நீ எங்க இங்க?"

தாளை நீட்டினேன். படிக்கப் படிக்க அவர் உதடு நகர்ந்தது. பிறகு என்னை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் போனார்.

"பைத்தியமா ஒனக்கு? செத்தவள எதுக்கு இப்ப எழுப்புற?"

"படத்தத் தொறந்து பாத்தீங்களா ஆன்ட்டி?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டேன்.

அவர் டப்பாவைப் படியில் வைத்தார். "ஒரு நாளைக்கு எவ்வளவு சிவப்பு வருதுன்னு ஒனக்குத் தெரியுமா? மாஸ்க் போட்டா சிவப்பு, வேர்த்தா சிவப்பு. பேரு கூட வராது பாப்பா, வெறும் நம்பர்தான். எல்லாத்தையும் சேத்து ஒரே அழுத்து. எல்லா சூப்பர்வைசரும் அப்படித்தான் செய்வாங்க. அது மல்லிகான்னு அப்புறம்தான் தெரிஞ்சிச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரிஞ்சதும் போயி மேனேஜர்ட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவளே ஒத்துக்கிட்டா. உங்கம்மா தெய்வம் பாப்பா. சண்ட போட்டிருந்தா நான் படத்தப் பாக்காம அழுத்தினது வெளிய வந்திருக்கும். என்னக் காப்பாத்தத்தான் பழியத் தன் தலையில போட்டுக்கிட்டா. ஒவ்வொரு செவ்வாயும் அவ பேருக்கு விளக்குப் போடுறேன்."

அம்மா, நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நீ ஒருத்தியின் வீட்டில் தெய்வமாக இருந்திருப்பாய். அவர் தூங்கியிருப்பார். நானும் தூங்கியிருப்பேன்.

"அம்மா உங்களக் காப்பாத்தல. அழுத்தினது நீங்கன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த லெட்டர் நான் அனுப்பினது. உங்களுக்காக இல்ல."

அவர் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தார். இதைத் தெரிந்துகொண்டு இனி எப்படி இருப்பார் என்று தெரியவில்லை. "அப்ப அவ எனக்காகச் செய்யலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். பேனாவை நீட்டினேன்.

"இன்னும் ரெண்டு வருஷம்தான் பாப்பா எனக்கு வேல. விட்டுடு லா."

நீட்டியபடியே நின்றேன். சும்மா நின்றே ஆளைக் கொன்றுவிடுவேன் என்று நீ சொல்வாயே. அன்றைக்கு அது உதவியது. அவர் படியில் உட்கார்ந்து, என் எழுத்துக்குக் கீழே எழுதினார். மல்லிகா மொட்டை போட்டதை நான் கூட இருந்து பார்த்தேன். படத்தைத் திறக்காமல் உறுதி செய்தேன். கையெழுத்து. சந்தனம் பூசிய அதே கை.

தைப்பூசம் வரும்போது நான் கோயிலுக்குப் போவேன். வரிசையில் நிற்பேன். நீ நாலு மாதம் அவரோடு பேசாமல் இருந்ததற்குக் காரணம் நான்தான் என்று முருகனிடம் சொல்லிவிடுவேன், அவர் மேல் தப்பில்லை என்று. இது உனக்கு நான் தரும் வாக்கு. படத்தை ஏற்கெனவே சுவரிலிருந்து திருப்பி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு நாங்கள் படிக்கட்டிலிருந்து வெளியே வந்தபோது லிஃப்ட் திறந்து மேனேஜர் வந்தார். கலா ஆன்ட்டி என் காதருகே, "என் வரிய மட்டும் கிழிச்சிடு பாப்பா, ஒன் கால்ல விழுறேன்" என்றார். மேனேஜரிடம் உன் பெயரைச் சொன்னேன். அவர் நேரம் பார்த்துக்கொண்டே, அந்தக் கேஸ் முடிந்துவிட்டது, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஆப்பில் போடு என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். நான் தாளை விரித்து, சத்தமாக வாசித்தேன். முதலில் என் பெயர். அடுத்து கலா ஆன்ட்டியின் பெயர்.

நீ பெற்ற ஊமைக்கோட்டான்,
உன் மகள் நித்யா